நெஞ்சு சளின்னு குழந்தையை அட்மிட் பண்ணியாச்சு, இனி அந்த வார்டு நாளை எப்படி ஓட்டறது

நிமோனியாவோ, பிராங்கியோலைட்டிஸோ (நுரையீரல்ல இருக்கற சின்ன மூச்சுக்குழாய் வீங்கி சளி அடைக்கறது), வீசிங்கோ (விசில் சத்தத்தோட மூச்சு இழுப்பு), எதுக்காக அட்மிட் பண்ணாலும் சரி, குழந்தையை பெட்ல படுக்க வச்ச உடனே கூட வந்தவங்க எல்லாரோட கண்ணும் மானிட்டர் மேல போயிடும். ரத்தத்துல ஆக்சிஜன் 94 சதவீதம் இருந்துச்சு இப்ப 92 காட்டுது, ஐயோ சிஸ்டர் ஓடி வாங்கன்னு ஒரு சத்தம். குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கேன், இது எனக்கு தினசரி காட்சி, யாரையும் குறை சொல்லல, பெத்த வயிறு அப்படித்தான் பதறும். ஆனா நுரையீரலை பாத்துக்க டாக்டர் இருக்காரு, மருந்து இருக்கு, ஆக்சிஜன் இருக்கு. குழந்தை ராத்திரி தூங்குச்சா, வாய்ல ஏதாவது இறங்குச்சா, வெள்ளை கோட் பாத்தாலே நடுங்குதா, ஒரு தடவையாவது சிரிச்சுதா, இதை பாக்கறதுக்கு உங்களை விட்டா ஆள் கிடையாது.

இதெல்லாம் சும்மா ஆறுதலுக்கு சொல்ற விஷயம்னு நினைச்சுடாதீங்க, இதை அளக்கவே கேள்வித்தாள் இருக்கு. ஜேம்ஸ் வார்னின்னு ஒரு ஆராய்ச்சியாளர் உருவாக்கின பெட்ஸ்-க்யூ-எல்னு ஒண்ணு, 2 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும், மொத்தம் 23 கேள்வி, உடம்பு எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்கு, மத்த பிள்ளைங்களோட பழகறது எப்படி, ஸ்கூல் எப்படின்னு நாலு பக்கமா கேட்டு 0ல இருந்து 100க்குள்ள ஒரு மார்க் போடுவாங்க. கைக்குழந்தைக்கு தனியா வேற தாள் இருக்கு. நீங்க அதெல்லாம் நிரப்ப வேண்டாம், ஒரு நோட்டு வாங்கி தினமும் தூக்கம், சாப்பாடு, பயம், விளையாட்டு இந்த நாலுக்கும் ஒவ்வொரு வரி எழுதி வைங்க, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அதை பாத்து சொல்லுங்க. "நேத்து நைட் நாலு தடவ எழுந்துட்டா, காலைல இருந்து பாதி பால்தான் குடிச்சா"ன்னு சொல்ற அம்மாவோட பேச்சுக்கு "பரவால்ல சார் கொஞ்சம் தேவலை"ங்கறதை விட நூறு மடங்கு மதிப்பு இருக்கு.

நோய் எப்படி போகும்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

பாதி பயம் இது தெரியாததாலதான் வருது. 2 வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்கு வர்ற பிராங்கியோலைட்டிஸ் பெரும்பாலும் வைரஸ், அதுலயும் ஆர்.எஸ்.வி.ங்கற வைரஸ்தான் அதிகம். சாதாரண சளி மாதிரி ஆரம்பிச்சு 3வது நாள்ல இருந்து 5வது நாள் வரைக்கும் மோசமாகும், அப்பறம் மெதுவா இறங்கும். அதனால அட்மிட் பண்ண மறுநாள் இன்னும் மோசமா இருந்தா ஆஸ்பத்திரில சரியா பாக்கலன்னு அர்த்தம் இல்ல, நோய் ஆரம்பிச்சு எத்தனாவது நாள்னு எண்ணிப் பாருங்க. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, அதனால டாக்டர் "மூக்கை க்ளீன் பண்ணலாம், ஆக்சிஜன் குடுக்கலாம், பால் இறங்குதான்னு பாக்கலாம்"னு மட்டும் சொன்னா அவரு சும்மா இருக்காருன்னு இல்ல, அதுதான் வைத்தியம். ஏன் ஊசி போடலன்னு மல்லுக்கட்டற வீட்டுக்காரங்களை பாத்திருக்கேன், தேவையில்லாத ஒவ்வொரு மருந்தும் அந்த சின்ன கைக்கு இன்னொரு குத்துங்கறதை யோசிச்சு பாருங்க. பாக்டீரியா நிமோனியான்னா கதை வேற, அங்க ஆன்டிபயாட்டிக் கட்டாயம், சொன்ன நாள் முழுக்க குடுத்து முடிக்கணும்.

மானிட்டரை கொஞ்சம் திருப்பி வைங்க

விரல்லயோ கால்லயோ மாட்டற அந்த சிவப்பு லைட் க்ளிப், குழந்தை காலை உதைச்சாலும் தப்பா காட்டும், பாதம் ஜில்லுன்னு இருந்தாலும் தப்பா காட்டும். பீப் அடிச்சா முதல்ல குழந்தையை பாருங்க. உதடு நல்ல நிறமா இருக்கா, விலா எலும்புக்கு நடுவுல உள்வாங்குதா, உங்களை பாக்குதா. குழந்தை நல்லா இருந்து நம்பர் மட்டும் குதிச்சா க்ளிப் நழுவிருக்கும். குழந்தை திணறுதுன்னா நம்பர் 97 காட்டினாலும் கூப்பிடுங்க. ஆனா அலாரத்தை நீங்களா அமுக்கி ஆஃப் பண்ணாதீங்க, அது எங்களுக்கு தேவை.

பிராங்கியோலைட்டிஸ்ல 90க்கு மேல இருந்தா ஆக்சிஜன் குடுக்காமலே விடலாம்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கத்தோட 2014 வழிகாட்டியே சொல்லுது, ஆக 93ன்னதும் வயித்துல புளியைக் கரைக்க வேண்டாம், உங்க குழந்தைக்கு எந்த நம்பர் வரைக்கும் பரவால்லன்னு டாக்டர்கிட்டயே கேட்டு வச்சுக்கோங்க. ஆக்சிஜனை எடுத்து குழந்தை தேறி வர்றப்போ "இனிமே எப்பவும் மாட்டியே இருக்கணுமா, நேரத்துக்கு நேரம் பாத்தா போதுமா"ன்னும் கேளுங்க. ஒரு ஒயர் குறைஞ்சா குழந்தை உங்க மடிக்கு வரும், உருளும், நிம்மதியா தூங்கும்.

தூக்கம்

வார்டுல தூக்கம் கெடறதுக்கு நோய் பாதி காரணம்னா நாங்க பாதி காரணம், ஒத்துக்கறேன். 12 மணிக்கு டெம்பரேச்சர், 1 மணிக்கு நெபுலைசர் (மருந்தை புகை மாதிரி ஆக்கி மூச்சு வழியா குடுக்கற மெஷின்), 2 மணிக்கு ட்ரிப் மாத்தறது, 4 மணிக்கு ரத்தம் எடுக்கறது. உலக சுகாதார நிறுவனம் ஆஸ்பத்திரி வார்டுல ராத்திரி சத்தம் 30 டெசிபலுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது, அது கிசுகிசுன்னு பேசற அளவு, எந்த வார்டுல அப்படி இருக்குன்னு எனக்கு சிரிப்புதான் வருது.

நீங்க செய்யக்கூடியது என்னன்னா, ராத்திரி ட்யூட்டி சிஸ்டர் வந்ததும் முதல்ல அவங்களை பிடிச்சு, "நைட் என்னென்ன பண்ண வேண்டியிருக்கு, எல்லாத்தையும் ஒரே தடவைல முடிக்க முடியுமா, தூங்கினா டெம்பரேச்சர் பாக்க எழுப்பணுமா"ன்னு தன்மையா கேளுங்க. நிறைய வேலையை சேர்த்து செய்ய முடியும், யாரும் கேக்காததாலதான் தனித்தனியா நடக்குது. அதே மாதிரி பகல்ல ஜன்னல் திரையை திறந்து வைங்க, ராத்திரி ஃபோன் வெளிச்சத்தை குறைங்க, வீட்டுல தூங்க வைக்கறப்போ என்ன பண்ணுவீங்களோ, தட்டறதோ பாட்டோ கதையோ, அதே நேரத்துக்கு அதையே பண்ணுங்க. இடம் மாறினாலும் வழக்கம் மாறலன்னா பிள்ளைங்க சட்டுன்னு அடங்கும்.

மூச்சு வாங்கற குழந்தைக்கு தலைப்பக்கம் தூக்கி வச்சா சுகமா இருக்கும், தோள்ல நிமித்தி சாச்சுக்கிட்டாலும் சுகம். வார்டுல மானிட்டர் இருக்கு, ஆள் இருக்கு, அதனால சில சமயம் குப்புறக்கூட படுக்க வைப்பாங்க, அதை பாத்துட்டு வீட்டுல கைக்குழந்தைக்கு தலையணை வச்சோ குப்புறப் போட்டோ படுக்க வைக்காதீங்க, வீட்டுல மல்லாக்க, தட்டையான படுக்கை மட்டும்தான்.

பால், சாப்பாடு

மூக்கு அடைச்ச கைக்குழந்தையால பால் குடிக்க முடியாது, ஏன்னா உறிஞ்சறப்போ அது மூக்காலதான் மூச்சு விடணும். அதனால பால் குடுக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி சலைன் (உப்புத் தண்ணி) ட்ராப்ஸ் விட்டு சளியை உறிஞ்சி எடுக்க சொல்லுங்க, குடுத்தப்பறம் பண்ணா வாந்தி வந்துரும். ஒரே மூச்சுல வயிறு நிறைய வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி. மூச்சு ரொம்ப வேகமா ஓடறப்போ வாய் வழியா குடுக்காதீங்கன்னு டாக்டர் சொல்லுவாரு, பால் நுரையீரல் பக்கம் போயிடும்னுதான். அப்ப மூக்கு வழியா ட்யூப் போடுவாங்க, இல்லன்னா ட்ரிப் ஏத்துவாங்க. ட்யூப் போட்டாலே குழந்தை சீரியஸ்னு நினைச்சு அழ வேண்டாம், மூச்சுக்கும் பாலுக்கும் நடுவுல போராடற குழந்தைக்கு அது ஓய்வு. தாய்ப்பால் குடுக்கறவங்க அந்த நேரத்துல பாலை பீச்சி எடுத்துக்கிட்டே இருங்க, அந்த பாலையே ட்யூப்ல குடுக்கலாம், சுரப்பும் நிக்காது.

பெரிய பிள்ளைங்க ரெண்டு மூணு நாள் சாப்பிடலன்னா பெருசா ஒண்ணும் ஆயிடாது, தண்ணியா ஏதாவது உள்ள போகணும், ஒண்ணுக்கு போகணும், அதை மட்டும் பாருங்க. வாய்ல திணிக்காதீங்க. சாப்பாட்டுக்கு ஒரு சண்டை, மருந்துக்கு ஒரு சண்டைன்னு ஆச்சுன்னா அந்த குழந்தைக்கு நாள் பூரா சண்டைதான்.

ஊசி போடறப்போ

இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா வீட்டுக்கு போனப்பறமும் பிள்ளைங்க ஞாபகம் வச்சிருக்கறது இதைத்தான்.

முதல் விஷயம், "ஒண்ணுமே வலிக்காது கண்ணு"ன்னு சொல்லாதீங்க. வலிக்கும். ஒரு தடவை பொய்னு தெரிஞ்சுட்டா அப்பறம் நீங்க "இது சும்மா ஸ்டெதஸ்கோப்"னு சொன்னாலும் நம்பாது. "கொஞ்ச நேரம் சுருக்குன்னு இருக்கும், நான் புடிச்சுக்கறேன், பத்து எண்ணறதுக்குள்ள போயிடும்"னு சொல்லுங்க. ரொம்ப முன்னாடியும் சொல்ல வேண்டாம், சின்னதுங்களுக்கு செய்யறதுக்கு சில நிமிஷம் முன்னாடி போதும்.

படுக்க வச்சு நாலு பேர் அமுக்கறதை விட உங்க மடில நெஞ்சோட நெஞ்சா உக்கார வச்சு கட்டிக்கிட்டு, ஒரு கையை மட்டும் வெளிய நீட்டினா குழந்தையும் அடங்கும், கையும் அசையாது. இப்படி பண்ணலாமான்னு கேளுங்க, முக்காவாசி பேர் சரின்னுதான் சொல்லுவாங்க. கைக்குழந்தைன்னா பால் குடிச்சுக்கிட்டே இருக்கறப்போ குத்தினா வலி குறைவா தெரியும், அது முடியாதப்போ ஊசிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி நாக்குல சர்க்கரைக் கரைசல் சில சொட்டு விடறதும் உண்டு, அதை ஆஸ்பத்திரிலதான் குடுக்கணும். மரத்துப்போற க்ரீம் இருக்கு, அது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும், அதனால அவசரமில்லாத ரத்தப் பரிசோதனைன்னா முன்கூட்டியே கேட்டு வைங்க. கொஞ்சம் விவரம் தெரிஞ்ச பிள்ளைன்னா சோப்புக் குமிழி ஊத குடுங்க, ஊதறதுக்கு மூச்சை நிதானமா விடணும், அதுலயே உடம்பு தளரும், கவனமும் அங்க போயிடும், மூச்சு ரொம்ப வாங்கற நேரத்துல மட்டும் வேண்டாம்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, உங்க குழந்தை எந்த கை கட்டை விரலை சப்பும்னு வென்ஃப்ளான் (மருந்து ஏத்த கைல குத்தி வைக்கற சின்ன ட்யூப்) போடறதுக்கு முன்னாடி சிஸ்டர்கிட்ட சொல்லிடுங்க. அந்த கைல போட்டு பலகை வச்சு கட்டிட்டா குழந்தையோட ஒரே ஆறுதலும் போச்சு, அப்பறம் ராத்திரி பூரா அழும், ஏன் அழுதுன்னு யாருக்கும் புரியாது. வரையற பிள்ளைன்னா எழுதற கையை விட்டுட்டு மத்த கை. அந்த ப்ளாஸ்டர் எடுக்கறப்போவும் வெடுக்குன்னு பிய்க்க விடாதீங்க, ஈரப் பஞ்சால ஓரத்தை நனைச்சு நனைச்சு எடுத்தா தோல் உரியாது. முடிஞ்சா ஊசி எல்லாம் பெட்ல வேண்டாம், தனி ரூம்ல பண்ணிட்டு கூட்டிட்டு வாங்கன்னு கேளுங்க, பெட்டாவது பயமில்லாத இடமா இருக்கட்டும்.

ஆங், அப்பறம் தயவு செஞ்சு "அடம் பிடிச்சா சிஸ்டர் ஊசி போட்டுருவாங்க"ன்னு மிரட்டாதீங்க. டெம்பரேச்சர் பாக்க நான் பக்கத்துல வந்தாலே அலறி அலறி ரத்தத்துல ஆக்சிஜன் அளவு இறங்குது.

நெபுலைசர், ஆக்சிஜன்

கதறி அழற குழந்தைக்கு நெபுலைசர் வச்சா மருந்து நெஞ்சுக்குள்ள ரொம்ப கம்மியாத்தான் போகும். மாஸ்கை முகத்துல இருந்து தள்ளிப் புடிச்சாலும் அதே கதை, புகை கண்ணுக்கு போகும், காத்துல போகும். அதனால அமைதியா இருக்கறப்போ, மடில நிமித்தி உக்கார வச்சு, மாஸ்க் மூக்கையும் வாயையும் ஒட்டி இருக்கற மாதிரி வைக்கணும். மருந்து இல்லாத நேரத்துல அந்த மாஸ்கை குழந்தை கைல விளையாட குடுங்க, பொம்மைக்கு மாட்ட சொல்லுங்க, உங்களுக்கு மாட்ட சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே உங்க மூக்குல ரெண்டு தடவ மாட்டின பிள்ளை மூணாவது தடவ தன் மூக்குலயும் வச்சு பாக்கும். வீசிங்குக்கு குடுக்கற மருந்துன்னா ஸ்பேசர் (இன்ஹேலரோட மாட்டற ப்ளாஸ்டிக் குழாய்) வச்ச இன்ஹேலர்ல குடுக்கலாமான்னு கேளுங்க, நெபுலைசருக்கு குறையாம வேலை செய்யும், மெஷின் சத்தமும் இல்ல, நேரமும் கம்மி.

மூக்குல ஆக்சிஜன் ட்யூப் இருந்தா உள்ள காஞ்சு போய் எரியும், ரத்தம் கூட கசியும். அதுக்கு சலைன் ட்ராப்ஸ் இல்லன்னா தண்ணி சேர்த்த ஜெல்தான். வாஸ்லின், எண்ணெய் இதெல்லாம் ஆக்சிஜன் போற இடத்துல தடவக் கூடாது, தீப்பிடிக்கற ஆபத்து. கன்னத்துல ஒட்டின ப்ளாஸ்டருக்கு கீழ சிவந்திருக்கான்னு தினமும் பாருங்க, காதுக்கு பின்னாடியும்.

பயம், பிரிவு, விளையாட்டு

ஆறு மாசத்துல இருந்து நாலு வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு நோயை விட பெரிய பயம் நீங்க காணாம போறதுதான். ஒரு காலத்துல பெத்தவங்களையே வார்டுக்குள்ள விட மாட்டாங்க, 1959ல பிரிட்டன்ல வந்த ப்ளாட் அறிக்கைதான் பெத்தவங்க தாராளமா வந்து பாக்கணும், சின்னக் குழந்தைன்னா அம்மாவும் கூட தங்கணும்னு அரசாங்க அளவுல பேச வச்சது. அதனால கூட இருக்கறது ஆஸ்பத்திரி உங்களுக்கு பண்ற தயவு கிடையாது, வைத்தியத்துல அதுவும் சேர்த்தி. வெளிய போகணும்னா குழந்தை அசந்த நேரம் பாத்து நழுவாதீங்க, அழுதாலும் பரவால்ல சொல்லிட்டு போங்க, சொன்னபடி திரும்பி வாங்க, உங்க வாசனை இருக்கற துணி ஒண்ணு பக்கத்துல வச்சுட்டு போங்க.

நாலஞ்சு வயசுக்கு மேலன்னா வேற பிரச்சனை, தான் ஏதோ தப்பு பண்ணதுக்கு தண்டனைன்னு நினைக்கும். "சொன்ன பேச்சு கேட்டியா, அதான்"னு ஒரு வார்த்தை விட்டீங்கன்னா அது அப்படியே மனசுல உக்காந்துரும். கிருமி வந்துச்சு, நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு, மருந்து அதை விரட்டுது, இவ்வளவு போதும். எந்த கைல ஊசி, மருந்தை ஸ்பூன்லயா சிரிஞ்ச்லயான்னு சின்னச் சின்ன விஷயத்துல தேர்வு பண்ண விடுங்க, மருந்து வேணுமா வேண்டாமான்னு மட்டும் கேட்டு வைக்காதீங்க.

விளையாட்டு சாமான் கழுவித் துடைக்கக் கூடியதா கொண்டு வாங்க. ஆர்.எஸ்.வி. மேஜை, பெட் கம்பி மேலெல்லாம் மணிக்கணக்கா உயிரோட இருக்கும், அதனால பக்கத்து பெட் குழந்தையோட பொம்மை மாத்திக்கறது வேண்டாம், கை 20 செகண்ட் சோப்பு போட்டு கழுவுங்க. அண்ணன் தங்கச்சி இருந்தா வீடியோ கால்ல பேச விடுங்க. கும்பல் கும்பலா சொந்தக்காரங்க வந்து நின்னு "ஐயோ எலும்பா போயிட்டானே"ன்னு பேசறது குழந்தைக்கும் நல்லதில்ல, உங்களுக்கும் இல்ல, வாசல்லயே பேசி அனுப்பிடுங்க. அப்படி வர்றவங்கள்ல உபயோகமான ஒருத்தரை பிடிச்சு ராத்திரிக்கு முறை போட்டுக்கோங்க, தூங்காத அம்மா மூணாவது நாள் குழந்தை மேலயே எரிஞ்சு விழுவாங்க, அது அம்மா தப்பு இல்ல.

வீட்டுக்கு போனப்பறம்

டிஸ்சார்ஜ்னா முழுசா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, மிச்சத்தை வீட்டுல பாத்துக்கலாம்னு அர்த்தம். பிராங்கியோலைட்டிஸ் இருமல் மூணு வாரம் வரைக்கும் இழுக்கும். நிமோனியான்னா இருமல் குறைய ஆறு வாரம் கூட ஆகும், அசதி அதுக்கும் மேல இருக்கலாம். அதுக்காக கடைல இருமல் சிரப் வாங்கி ஊத்தாதீங்க, சின்னக் குழந்தைக்கு அது பிரயோஜனமும் இல்ல, ஆபத்தும் உண்டு. ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு தூங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தேன் குடுக்கலாம், ஒரு வயசுக்கு கீழ தேன் கூடவே கூடாது. வீட்டுல யாரும் சிகரெட் புடிக்கக் கூடாது, வெளிய போய் புடிச்சுட்டு வந்து அதே சட்டையோட தூக்கறதும் சேர்த்துதான் சொல்றேன். விட்டுப்போன தடுப்பூசி இருக்கான்னு அட்டையை எடுத்து பாத்து டாக்டர்கிட்ட கேளுங்க, நிமோகாக்கல், ஹிப் (ரெண்டும் நிமோனியா வர வைக்கற பாக்டீரியாவுக்கு எதிரா), கக்குவான் இருமல், வருஷா வருஷம் ஃப்ளூ.

நல்லா ட்ரெயினிங் ஆன பிள்ளை திரும்ப படுக்கைல ஒண்ணுக்கு போகும், இடுப்பை விட்டு இறங்காது, ராத்திரி அலறி எழும், பொம்மைக்கெல்லாம் ஊசி போடும். திட்டாதீங்க. பெரும்பாலும் சில வாரத்துல அடங்கிடும், பொம்மைக்கு ஊசி போடறது நல்லதுதான், போடட்டும், நீங்களும் கையை நீட்டுங்க. மாசக்கணக்குல நீடிச்சா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஸ்கூலுக்கு காய்ச்சல் விட்டு, சாப்பிட ஆரம்பிச்சு, ராத்திரி தூங்கறான்னா அனுப்பலாம், முதல்ல கொஞ்ச நாள் ஓடறது குதிக்கறது வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லி வைங்க.

மூச்சு எண்ண கத்துக்கிட்டு போங்க, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி சிஸ்டரை ஒரு தடவ காட்ட சொல்லுங்க. குழந்தை அமைதியா இருக்கறப்போ சட்டையை தூக்கிட்டு முழுசா ஒரு நிமிஷம் வயிறு ஏறி இறங்கறதை எண்ணணும். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2 மாசத்துக்கு கீழ 60ம் அதுக்கு மேலயும், 2 மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் 50ம் மேலயும், 1ல இருந்து 5 வயசு வரைக்கும் 40ம் மேலயும் போனா வேக மூச்சு, டாக்டரை பாக்கணும். உதடு நீலம், நெஞ்சு குழி விழற அளவு இழுப்பு, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், மூச்சு விட்டு விட்டு வர்றது, எழுப்பினாலும் எழாத மயக்கம், இதுல ஒண்ணு இருந்தாலும் எண்ணிக்கிட்டு உக்காராம நேரா எமர்ஜென்சி. வழக்கமா குடிக்கறதுல பாதி கூட குடிக்கல, 12 மணி நேரமா டயப்பர் நனையலன்னாலும் அன்னைக்கே காட்டிடணும். போறப்போ டிஸ்சார்ஜ் சம்மரியையும் அந்த நோட்டையும் மறக்காம எடுத்துட்டு போங்க, புதுசா பாக்கற டாக்டருக்கு பாதி கேள்வி மிச்சம்.